உதட்டுக்கு மூன்று வாரம் ஓய்வு

என் மச்சான் பியூகிள் வாசிப்பார் என்று சொல்வது பியூகிளுக்கும் வாசிப்புக்கும் ஒருசேரச் செய்கிற அநியாயம். அவர் அதை ஊதுவார். ஈர விறகு வைத்த அடுப்பை ஊதுவது போல. சில நாட்களில் பற்றிக்கொள்ளும்; பல நாட்களில் புகைதான்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பிரிவு மேற்பார்வையாளர். ஐந்து நாள் ஊரில் உள்ள மீட்டர்கள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்ப்பார். சனி, ஞாயிறு வந்துவிட்டால் காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், மார்பில் பதினான்கு பேட்ஜ், இடுப்பில் கத்தி உறை (கத்தியைத் தங்கை வாங்கி வைத்துக்கொண்டாள்) சகிதமாக எங்கள் பகுதி சாரணர் படையின் தலைவராக அவதரித்துவிடுவார். பதினான்கில் ஒன்பது பேட்ஜ் அவரே அவருக்கு வழங்கிக்கொண்டது. வழங்கும்போது இடது கையால் தன் வலது கையைக் குலுக்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை; நம்புகிறேன்.

நான் அந்தப் படையின் நிர்வாகக் குழுச் செயலாளர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். தேர்தல் நடந்த கூட்டத்துக்கு நான் போகவில்லை. போனவர்கள் எல்லோரும் ஒருமனதாக, வராதவனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

படைக்கு வருடத்தில் மூன்று வேலை. மழைக்காலத்தில் செடி நடுவார்கள். வெயில் காலத்தில் அந்தச் செடிகள் எங்கே போயின என்று தேடுவார்கள். குளிர்காலத்தில் முகாம். ஏரிக்கரைக் காட்டில் நான்கு நாள், கூடாரத்தில் தூக்கம், சுள்ளி பொறுக்கிச் சமையல். இருபத்திரண்டு பிள்ளைகளும் மற்ற இரண்டு வேலைகளையும் பொறுத்துக்கொள்வது இந்த நான்கு நாளுக்காகத்தான்.

போன வருடம் அந்த நான்கு நாள் நான்கு மணி நேரத்தில் முடிந்தது. கூடாரங்களை ஸ்டோர் ரூமில் வருடம் முழுக்க எலிகளின் பொறுப்பில் விட்டிருந்தோம். முதல் சாயங்காலமே ஒரு தூறல் போட்டது. வெளியே பெய்ததைவிடக் கூடாரத்துக்குள் பெய்ததுதான் அதிகம். இருபத்திரண்டு பிள்ளைகளும் பிழிந்த துணி மாதிரி வீடு திரும்பினார்கள். பதினொரு வயதான என் மகள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் கண்டிப்பா உண்டாப்பா?" என்று கேட்டாள். கண்டிப்பா என்றேன். அவள் அம்மாவின் குணம் அவளுக்கு; சொன்ன வார்த்தையை மறக்க மாட்டாள். இந்த வருடம் முகாமுக்கு ஆறு வாரம் முன்னாலேயே பையைக் கட்டி வைத்துவிட்டாள். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாற்றுத்துணியைப் பையிலிருந்து எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததும் பையிலேயே திரும்ப வைப்பாள்.

ஆக, புதுக் கூடாரம் வாங்க வேண்டும். கூடாரக் கடைக்காரர் கறார். முழுப் பணமும் கைக்கு வந்தால்தான் சாமானை இறக்குவார். நிதி திரட்ட மச்சான் இரண்டு திட்டம் தீட்டினார்.

முதலாவது, கார் கழுவும் நாள். பிள்ளைகள் உற்சாகமாகப் பல் டாக்டரின் புதுக் காரைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தார்கள். கழுவிய கூலியைவிட டாக்டரைச் சமாதானப்படுத்திய செலவு ஜாஸ்தி.

இரண்டாவது, காலண்டர். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கயிற்று முடிச்சு, பிடித்துக்கொண்டிருப்பவர் மச்சான். ஜூலை மாதப் படத்தில் மட்டும் முடிச்சு தெளிவாகவும் மச்சான் மங்கலாகவும் விழுந்திருந்தார். ஒரே ஒருவர் வந்து, ஜூலை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கடைசியில் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நானே வீடு வீடாக இறங்கினேன். முதலில் பல் டாக்டரிடம். கார் விஷயம் ஆறியிருக்கும் என்று ஒரு நப்பாசை.

மைதானத்தை ஒட்டியதுதான் அவர் கிளினிக், மாடியில் வீடு. நாற்காலியில் பேக்கரிக்காரர் வாயில் பஞ்சோடு மல்லாந்து கிடந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார்.

"தினமும் காலைல அஞ்சரைக்கு மைதானத்துல ஒருத்தர் ஊதறாரே. அவரு உங்க ஆளுதானே?"

முகாமுக்கு ஆறு வாரம் இருக்கும்போதே மச்சான் விடியலில் மைதான மேடையில் ஏறிப் பள்ளியெழுச்சி ஊதத் தொடங்கிவிடுவார். பிள்ளைகளுக்கு முகாம் நேரம் பழக வேண்டுமாம். பிள்ளைகள் போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டு தூங்கப் பழகியிருந்தார்கள்.

"படைத்தலைவர் டாக்டர்."

"உங்களுக்கு ரொம்பப் பழக்கமா?"

"என் சம்சாரத்தோட அண்ணன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். இனிப் பிடுங்குவதைத் தவிர வழியில்லாத பல்லைப் பார்க்கிற பார்வை.

"எவ்வளவு கொடுத்தா நிறுத்துவாரு?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் கிடந்த பேக்கரிக்காரர் கையை உயர்த்தினார்.

"ஆ... ஆனும்... ஆறேன்."

"அவரும் தர்றாராம்," என்றார் டாக்டர். பல் டாக்டர்களுக்கு அந்த பாஷை தெரியும். பேக்கரிக்காரர் ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு ஐந்து மணிக்கு வந்து படுப்பவர். ஐந்தரைக்கு மச்சான்.

அங்கேயே ஒப்பந்தம் பேசி முடித்தோம். பாதி இப்போது. மீதி, முகாம் கிளம்புகிற காலையில். நடுவில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தச் சத்தம் காதில் விழுந்தாலும் மீதி கிடையாது. செய்தி எனக்கு முன்னால் தெருவில் ஓடிவிட்டது. வாசலில் நாய் இருக்கிறது என்று எப்போதும் பலகையைக் காட்டுகிறவர்கள், நாயைக் கட்டிவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் கூடக் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நம்பர் வீட்டில் மட்டும் பேரம் படியவில்லை. அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். யார் எந்தப் புத்தகத்தை நீட்டினாலும் முதல் கையெழுத்து போடுகிற மனுஷர். காது மட்டும் பத்து வருடமாக வேலை செய்யவில்லை. எதுவானாலும் காகிதத்தில் எழுதித்தான் காட்ட வேண்டும். எழுதிக் காட்டினேன். அவர் இரண்டு தரம் படித்தார்.

"தம்பி, நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல? ஊதாம இருந்தா மத்தவங்களுக்கு லாபம். எனக்கு என்ன லாபம்? அனுபவிக்காத சௌகரியத்துக்கு எப்படிப் பணம் தர்றது?"

முகாமுக்கு என்று மாற்றி எழுதியிருக்கலாம். தோன்றவில்லை. மூன்றாவது வீட்டிலிருந்தே நான் முகாமை மறந்துவிட்டிருந்தேன்.

இனி மச்சானின் வாயைக் கட்ட வேண்டும். அதற்கும் டாக்டரே கை கொடுத்தார். சாரணர் தலைவர்களுக்கு இலவசப் பரிசோதனை என்று சொல்லி அழைத்துப் போனேன். டாக்டர் விளக்கைச் சாய்த்து, கண்ணாடியை விட்டுப் பார்த்து, பெருமூச்சு விட்டார்.

"சார், நீங்க ஏதாவது ஊதற பழக்கம் உள்ளவரா?"

மச்சான் படுத்தபடியே நெஞ்சை நிமிர்த்தினார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இந்த மாதிரி உதடு லட்சத்துல ஒருத்தருக்குத்தான் இருக்கும். ஆனா உதட்டுத் தசை ரொம்பக் களைச்சுப்போயிருக்கு. மூணு வாரம் முழு ஓய்வு. ஊதவே கூடாது. டீயைக்கூட ஊதிக் குடிக்கக் கூடாது."

மருந்துச் சீட்டில் எழுதியும் கொடுத்தார். அன்றிலிருந்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தால் டீயை எதிரில் வைத்துக்கொண்டு, ஆடை படர்கிறவரை கைகட்டிக் காத்திருப்பார். லட்சத்தில் ஒருத்தர் என்கிற செய்தியை அதற்குள் நான்கு தரம் சொல்லிவிடுவார்.

மனைவியிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, மறைத்தாலும் நிற்பதில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"பாப்பா முகாமுக்குப் போகணும், அதனால வாயை மூடிக்கிட்டு இருக்கேன். ஆனா ஒண்ணு. விஷயம் தெரிஞ்சு எங்க அண்ணன் முகம் வாடிச்சுன்னா, அந்தப் பழைய கூடாரத்தை மொட்டை மாடியில கட்டி, எலியோட உங்களையும் அங்கதான் குடிவைப்பேன்."

மூன்று வாரம் தெரு தூங்கியது. பேக்கரிக்காரரின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் மறைந்தது. புதுக் கண்ணாடிக்கு அளவெடுக்க வந்தபோது எனக்கே ஆள் அடையாளம் தெரியவில்லை. கூட ஊளையிட்டுப் பழகிய இரண்டு நாய்கள் மட்டும் ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வந்து, மேடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

முகாமுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மச்சான் ரசீதுப் புத்தகத்தைக் கேட்டார்.

"எதுக்கு மச்சான்?"

"கொடுத்தவங்களுக்கு நன்றி சொல்ல வேண்டாமா மாப்ள? யாரு யாரு, எவ்வளவுன்னு தெரியணுமில்ல."

கொடுத்தேன். ரசீதில் 'முகாம் நிதி' என்றுதான் எழுதியிருந்தது, பயமில்லை. இரண்டு நாள் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. அடுத்த நாள் படைக் கூட்டத்தில் அறிவிப்பும் வந்தது.

"நம்ம தெரு நம்ம மேல வச்சிருக்கற அன்பைப் பார்த்து நான் கலங்கிப்போயிட்டேன். கிளம்பற அன்னிக்குக் காலைல அஞ்சரை மணிக்கு, படை முழுக்க ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் போறோம். ஒவ்வொரு வாசல்லயும் நன்றி முழக்கம். என் உதட்டுக்கு டாக்டர் கொடுத்த மூணு வாரம் அதுக்கு மொத நாளோட முடியுது."

முதல் வாசலில் முதல் சத்தம் வந்தால் மீதிப் பணம் போச்சு. ஏழு மணிக்குக் கூடார வேன் வரும்; பிள்ளைகளும் அதில்தான் போக வேண்டும். பணம் இல்லையென்றால் வந்த வழியே திரும்பும். இருபத்திரண்டு பிள்ளைகள் மூட்டையோடு நடுத்தெருவில் நிற்பார்கள். அதில் ஒருத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"மச்சான், அவசரப்படாதீங்க. உதடு இன்னும் கொஞ்சம்..."

"உதடு இப்போ இரும்பு மாப்ள."

டாக்டருக்குப் போன் போட்டு, ஓய்வை இன்னும் ஒரு நாள் நீட்டித்து எழுதித் தரச் சொன்னேன். "நான் பல்லுக்குத்தான் டாக்டர். உங்க மச்சான் உங்க பிரச்சினை," என்று வைத்துவிட்டார். பியூகிளை ஒளித்துவைக்கலாம் என்றால் அது அவர் தலைமாட்டில். என் மகளிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "மாமா பியூகிளை நீ கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பதற்குள், "சாரணர்கள் திருட மாட்டாங்கப்பா," என்று முடித்துவிட்டாள். படையில் ஏதோ சொல்லித்தான் தருகிறார்கள்.

அந்தக் காலை வந்தது. மூட்டை முடிச்சோடு இருபத்திரண்டு பேர் இரண்டு வரிசையில். முன்னால் மச்சான், பாலிஷ் போட்ட பியூகிளில் தெருவிளக்கு தெரிய. பின்னால் ரசீதுப் புத்தகத்தோடு நான், தூக்குமேடைக்குத் தன் கயிற்றைத் தானே சுமந்துகொண்டு போகிறவன் மாதிரி.

பல் டாக்டர் லுங்கியோடு வாசலில் நின்றார். கையில் கவர். தருவதா வேண்டாமா என்று கவர் அவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஊசலாடியது.

"படை, நில்!" என்றார் மச்சான். "டாக்டர், எங்க முகாமுக்கு நீங்க செஞ்ச உதவியை மறக்க முடியாது. நன்றி முழக்கம். மூணு நிமிஷம்."

பியூகிளை உதட்டில் வைத்தார். கன்னம் உப்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் சார்!" டாக்டரின் குரல் கீச்சென்று வந்தது. "உதடு... உதட்டைக் கெடுத்துக்காதீங்க."

மச்சான் பியூகிளை இறக்கினார். "அதெல்லாம் குணமாயிடுச்சு டாக்டர். உங்க கைராசி. இனிமே முகாமுக்கு முன்னாடி மட்டும் இல்ல, வருஷம் முழுக்க தினமும் ஊதலாம்னு இருக்கேன். தெருவுக்கு நான் வேற எப்படிக் கைம்மாறு செய்யறது?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். பிள்ளைகள் தெருநாயைப் பார்த்தார்கள்.

"வேற வழியே இல்லையா சார்?"

"இருக்கே. புரவலர் திட்டம்னு ஒண்ணு. வருஷா வருஷம் ஒரு தொகை. புரவலர் வீட்டு வாசல்ல ஊத மாட்டோம். அது ஒரு மரியாதை." மச்சான் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினார். "மாப்ள, புத்தகம்."

கவரும் வந்தது, கையெழுத்தும் வந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பேக்கரிக்காரர் வீட்டு வாசலில் உறைத்தது. அவர் அரைத் தூக்கத்தில் மாவு படிந்த கையோடு வந்து, பியூகிள் உயர்வதைப் பார்த்ததும் மீதியைக் கொடுத்து, அடுத்த இரண்டு வருடத்துக்கும் சேர்த்துப் புரவலர் ஆனார். நாலாவது வீட்டிலிருந்து ஆட்கள் பேனாவோடு தயாராக நின்றார்கள். என் மச்சானை முப்பது வருடமாக எனக்குத் தெரியும். அவர் ஒரு விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகப் பேசி முடித்து நான் பார்த்ததில்லை.

நடந்துகொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். கட்டம் போட்ட தாளில் எங்கள் தெரு. அளவுகோல் வைத்துப் போட்ட வரைபடம். வடக்கு எது என்று அம்புக்குறி. வீடுகளின் மேல் சிவப்பு மசிப் புள்ளி. பெரிய தொகைக்குப் பெரிய புள்ளி.

"வரைபடக் கலைக்கு நான் பேட்ஜ் வாங்கினவன் மாப்ள. அது நானே கொடுத்துக்கிட்டது இல்ல, நிஜமாவே வாங்கினது. பாருங்க. மைதானத்துக்குப் பக்கத்துல புள்ளி பெருசு. தள்ளிப் போகப் போகச் சிறுசு. வட்டம் வட்டமா வருது. நடு மையம் எது தெரியுதா?"

தெரிந்தது. மேடை.

"குழாய் எங்க ஒழுகுதுன்னு ஆபீஸ்ல இப்படித்தான் கண்டுபிடிப்போம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதைப் போட்டு முடிச்ச அன்னிக்கு நான் சாப்பிடல மாப்ள. நாலு வருஷம். ஒருத்தராவது முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்."

வரைபடத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். நல்லவேளையாக ஒன்பதாம் நம்பர் வந்தது. போஸ்ட்மாஸ்டர் வெளியே வந்து, வரிசையையும் மூட்டைகளையும் பார்த்தார்.

"முகாமா? அட, முகாமுக்குன்னு எழுதிக் காட்டியிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பேனே! இந்தத் தம்பி வேற ஏதோ எழுதினாரு."

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அன்று காலையிலேயே முதல் தடவையாக நிஜமான சல்யூட் ஒன்று அடித்தார்.

கடைசி வீடு, தெருக்கோடியில், எங்களுடையது. வாசலில் என் மனைவி. பின்னாலேயே கூடார வேன் வந்து நின்றது. பணம் கைமாறியது, கடைக்காரர் இறங்கிவந்து மச்சானிடம் கைகுலுக்கினார். பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு வேனைச் சுற்றினார்கள். என் மகள் தன் பையைத் தானே ஏற்றி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இனி அவளை யாரும் இறக்க முடியாது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"இன்னும் முடியல மாப்ள," என்றார் மச்சான். வரைபடத்தைத் திரும்ப விரித்தார். "தெருவுல ரெண்டே வீட்டுல புள்ளி இல்ல. ஒண்ணு போஸ்ட்மாஸ்டர். அவருக்குக் காது கேக்காது. இன்னொண்ணு இது."

பார்த்தேன். தெருக்கோடியில் எங்கள் வீடு வெறும் கட்டமாக இருந்தது. ஊர் முழுக்க வசூல் பண்ணிய செயலாளர் தன் பையில் கைவிடவே மறந்துபோயிருந்தார்.

"உங்களுக்குக் காது நல்லாத்தானே கேக்குது மாப்ள?"

"நல்லாவே... கேக்குது மச்சான்."

"அப்போ காசு கொடுத்து நிறுத்தணும்னு உங்களுக்குத் தோணல."

என் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. அது போன வழியை மச்சான் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை. அரைக்கால் சட்டையும் பதினான்கு பேட்ஜுமாக, ஐம்பத்தாறு வயது மனுஷர், மார்க் என்ன என்று கேட்கப் பயந்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் என் மனைவி. நிமிர்ந்து மொட்டை மாடியை மட்டும் ஒரு தரம் பார்த்தாள்.

பைக்குள் போன கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

"எனக்குப் பிடிச்சிருக்கு மச்சான்," என்றேன். "நீங்க ஊதறது."

அவர் முகம் மலர்ந்ததை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். இதற்கென்றே சேமித்து வைத்திருந்தவர் போல, அங்கேயே, எங்கள் வாசலிலேயே, மூன்று வாரத்தின் பாக்கியையும் சேர்த்து ஊதித் தீர்த்தார். எதிர்வீட்டுக் கொடியில் இருந்த காக்கை எழுந்து போனது. இரண்டு நாய்களும் எங்கிருந்தோ ஓடிவந்து சேர்ந்துகொண்டன. பிள்ளைகள் வேனிலிருந்து கைதட்டினார்கள். கிளம்பப் போகிறவர்களுக்கு எதுவும் பிடிக்கும்.

முகாம் நன்றாக நடந்தது. மழை பெய்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்று மகள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வருடத்துக்குப் பையைக் கட்டத் தொடங்கினாள்.

மச்சான் வாக்குத் தவறாதவர். எந்தப் புரவலர் வாசலிலும் ஊதுவதில்லை. தினமும் காலை ஐந்தரைக்கு நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார். ஊதி முடித்ததும் என் மனைவி டீ கொடுக்கிறாள். இப்போது ஊதித்தான் குடிக்கிறார்.

நேற்றுப் பல் டாக்டர் கடைக்கு வந்தார். கண்ணாடி பார்க்க அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்து, ரகசியமாகக் கேட்டார்:

"தெருவுல எல்லாரும் கலந்து பேசினோம். தப்பா நினைக்காதீங்க. நீங்க வேற பகுதிக்கு வீடு மாறிப் போக எவ்வளவு ஆகும்?"